பொட்டு இருந்த இடம்

என் மேஜைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை நிற நெட்வொர்க் போர்டு கிடக்கிறது. அதன் வலது மூலையில் மிளகளவுக்கு வட்டமாக ஒரு பசைத்தடம். அந்த வட்டத்தில் மட்டும் தூசி ஒட்டிக் கறுத்துப்போயிருக்கிறது. துடைக்கலாம் என்று துணியை எடுப்பேன், எடுத்த கையோடு வைத்துவிடுவேன். திருப்பதியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். "ஒண்ணு தொடைங்க, இல்லன்னா தூக்கிப் போடுங்க" என்று என் மனைவி சலித்துக்கொள்கிறாள். அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

அது ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருந்த இடம். ஒட்டியவர், ஸ்ரீ சிட்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் சோதனை மேஜையில் இருந்த பெண். நகரிப் பக்கம் கரும்பும் மாவும் வைத்திருந்த குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர்தான், ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் டெஸ்ட் மேடம். ஒப்பந்தத்தில் மூன்று வருடம் ஓட்டிவிட்டார், நிரந்தரம் ஆகும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேன்டீனில் ஒருமுறை சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பர்மனென்ட் ஆயிட்டா மாமன் பையன் பேச்சே எடுக்க மாட்டேன்னு நைனா சொல்லிக்கினு இருக்காரு சார். அதுக்கோசரமாவது ஆவணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய கல்யாணப் பேச்சே அந்த வேலையில்தான் தொங்குகிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அந்தப் போர்டுகளுக்கு டிரைவர் எழுதியவன் நான். டிரைவர் என்றால் வேறொன்றுமில்லை, கரண்ட் வந்ததும் நெட்வொர்க் சிப்பைத் தட்டி எழுப்பி வேலைக்கு அனுப்பும் ஒரு சின்ன நிரல். ஒவ்வொரு போர்டோடும் ஒரு குறிப்பு இருக்கும்: என்னிடம் இன்னின்ன உறுப்புகள் இருக்கின்றன, இன்னின்ன இடத்தில் இருக்கின்றன என்று. அதில் சில கட்டாயம், சில 'இருந்தால் உண்டு'. சிப்பை அடியோடு அணைத்து எழுப்புகிற ரீசெட் கம்பி 'இருந்தால் உண்டு' வகை. விலை கூடிய போர்டில் அது இருக்கும், மலிவான போர்டில் இருக்காது. நான் முதலில் எழுதியது, குறிப்பில் கம்பி இல்லையென்றால் பிழை என்று சொல்லி நின்றுவிட்டது. மலிவான போர்டுகள் ஒன்றுகூட எழவில்லை. சரக்கு கிளம்ப இரண்டே நாள். மேலிடத்திலிருந்து போன்மேல் போன். எரிச்சலில் ஒரு வரியை மாற்றினேன். கம்பியைக் கேள், பதிலில் எந்தக் கோளாறு வந்தாலும் கம்பி இல்லை என்று எடுத்துக்கொள், மேலே போ. எல்லாப் போர்டும் எழுந்துகொண்டன. எனக்குக் கைதட்டினார்கள், நானும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

நான் யோசிக்காமல் விட்டது இது. விலை கூடிய போர்டில் அந்தக் கம்பியைப் பிடித்திருப்பது இன்னொரு சின்ன சிப். அது சில நேரம் ஒரு கண் இமைப்பு தாமதமாக விழிக்கும். அப்போது கேட்டால் "இன்னும் தயாரில்லை, பிறகு கேள்" என்றுதான் பதில் வரும். என் நிரல் அதையும் இல்லை என்றே எடுத்துக்கொண்டு, எழுப்ப வேண்டிய சிப்பை எழுப்பாமலே தாண்டிப் போனது. கரண்டை அணைத்து மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சோதனை மேஜையின் விதியும் அதற்குத் தோதாக இருந்தது: முதல் தடவை எழாவிட்டால் இன்னொரு தடவை போட்டுப் பார், எழுந்தால் பாஸ்.

விதி எழுதியவர்களுக்கு அது போதுமாக இருந்தது, டெஸ்ட் மேடத்துக்குப் போதவில்லை. இரண்டாம் தடவையில் எழுந்த போர்டுகளின் மூலையில், கைப்பையில் இருக்கும் அட்டையிலிருந்து ஒரு அரக்குப் பொட்டை எடுத்து ஒட்டிவிடுவார். "மொத வாட்டி முழிச்சிக்கல சார் இது. பாஸ்தான், ஆனா எனக்கு ஒரு மாதிரி கீது" என்று ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். "வாங்கறவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க மேடம்? போர்டுக்குப் பூஜையா பண்றோம்? எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கியது. அன்று மாலைக்குள் நகத்தால் கீறிக் கீறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஒன்றைத் தவிர என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போர்டுகள் குப்பம் பக்கம் குடுபல்லியைச் சுற்றிய பால் சேகரிப்பு நிலையங்களுக்குப் போயின. அங்கே கரண்ட் போவதும் வருவதும் நாளுக்கு எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை. போய் வரும்போதெல்லாம் ஏதோ ஒரு நிலையத்தில் எங்கள் போர்டு இருந்த பெட்டி செத்துக் கிடந்தது. புகார் குவிந்தது, போர்டுகள் திரும்பி வந்தன. கெட்ட போர்டுகளைப் பார்க்காமல் பாஸ் போட்டார்கள் என்று பழி சோதனை மேஜைமேல் விழுந்தது. எவை முதல் தடவை எழவில்லை என்று சொல்ல இருந்த ஒரே அடையாளத்தை நான்தான் பிய்க்கச் சொல்லியிருந்தேன்.

விசாரணை காலை ஒன்பதுக்கு. அறையில் தர அதிகாரி, மனிதவளக்காரர், நான். டெஸ்ட் மேடம் வரவில்லை. ஒன்பதரைக்கு என் போன் அடித்தது. "சார், கம்பெனி பஸ்ஸு சத்தியவேட்டாண்ட பஞ்சர் ஆயி நின்னுக்கினு கீது. வந்துக்கினே இருக்கேன்னு சொல்லுங்க சார்." சொன்னேன். சொன்னேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் முனகினேன். தர அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "ராலேதா? சரே, ராசெய்யண்டி" என்றார். வரவில்லையா, சரி எழுதிவிடுங்கள் என்று அர்த்தம். விளக்கம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

பத்து இருபதுக்கு அவர் வந்தார். சத்தியவேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, மெயின் கேட்டிலிருந்து ஓடியிருக்கிறார். மூச்சு வாங்கியது. வராந்தாவில் என்னைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு போர்டை எடுத்து நீட்டினார். மூலையில் பொட்டு. "இத மட்டும் எடுக்கல சார். உள்ள காமிங்க, போட்டுப் பாக்கச் சொல்லுங்க." உள்ளே யாரும் இல்லை, எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். "பாத்துக்கறேன் மேடம்" என்று வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை அதற்குக் கரண்ட் கொடுத்தேன். எழவில்லை. நிரல் உள்ளே என்ன கேட்டது, என்ன பதில் வந்தது என்று ஒவ்வொரு வரியாகத் திரையில் பார்த்தேன். 'தயாரில்லை, பிறகு கேள்' என்று சிப் சொல்லியிருந்தது. அடுத்த வரியில் என் நிரல் கம்பி இல்லை என்று எழுதிவிட்டு நகர்ந்திருந்தது. வராதவரையும் வந்துகொண்டிருப்பவரையும் ஒரே கட்டத்தில் போட்டவர்கள் அந்த அறையில் மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

திருத்தம் நான்கு வரிதான். குறிப்பிலேயே கம்பி இல்லையென்றால் பேசாமல் மேலே போ. வேறு எந்தப் பதில் வந்தாலும் நில், வந்த பதிலைத் தெரிவி, பிறகு வந்து கேள். 'சிறு திருத்தம்' என்று தலைப்புக் கொடுத்துச் சேர்த்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சனிக்கிழமையே அவரை நிறுத்திக் கடிதம் போய்விட்டது. போன பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று திங்களும் சொல்லவில்லை. கோழை என்று என்னை யாரும் திட்டியதில்லை, அதனால் நானே திட்டிக்கொள்கிறேன்.

நான்கு வருடம் அப்படியே ஓடியது. வேலை மாறினேன், ஊர் மாறினேன், நெஞ்சு மட்டும் அடங்கவில்லை. அப்போது குடியிருந்த சித்தூரில், எங்கள் சபையில் ஞாயிறு பாவ அறிக்கை சொல்லும்போது எல்லோர் குரலும் ஒன்றாகப் போகும், என் குரல் மட்டும் பின்தங்கும். போன கோடையில்தான் உட்கார்ந்து பழைய கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிழை என்னுடையது, சோதனை மேஜையின் மேல் தவறில்லை, அவர் தந்த போர்டை நான் காட்டவில்லை என்று. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. நகலையும் போர்டையும் எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன்.

சித்தூர் அருகே ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலையில் இருந்தார். பழம் பிரிக்கும் மேஜை. தோதாபுரி மாம்பழ வாடை ஆளைத் தூக்கியது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார், காலில் மெட்டி. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "ஆயிடுச்சு சார். நின்ன ரெண்டாம் மாசமே. மாமன் பையன்தான்."

நின்றபடியே கடிதத்தைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு கேட்டார்:

"அன்னிக்கி சாயந்திரமே உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"நான் ஒரு வாரம் போனக் கையிலயே வச்சிக்கினு இருந்தேன். சார் காமிச்சிருப்பாரு, கூப்புடுவாங்கன்னு."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன், அது என் காதுக்கே போதவில்லை. அவர் போர்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூலையிலிருந்த பொட்டை நகத்தால் நெம்பி எடுத்தார். பாதிப் பசை போர்டிலேயே தங்கிவிட்டது, பொட்டை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டார். கடிதத்தின் கீழே, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தி ஒட்டினார். அதன் அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முதல் தடவை எழவில்லை.

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போர்டை என் கையில் கொடுத்தார். சங்கு ஊதியது, உள்ளே போய்விட்டார். அடுத்த வார்த்தை ஒன்று இருக்கிறது. இரண்டாம் தடவை எழுந்துகொண்ட போர்டுகளுக்கு அவர் வழக்கமாகச் சொல்வது: 'பாஸ்தான்'. கேட் மூடும் வரை நின்று பார்த்தேன், அவர் சொல்லவில்லை.

இப்போதும் துணி என் கையில்தான் இருக்கிறது. வட்டத்தில் இன்னும் கொஞ்சம் பசை மிச்சமிருக்கிறது, விரல் வைத்தால் ஒட்டுகிறது.