ஆட்டின் பின்பக்கமும் அரை மணித்தியால மன்னிப்பும்

பிள்ளையள், நான் எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறது எனக்குத் தெரியும். மூத்தவள் ஒருநாள் எண்ணியும் பார்த்தாள். வீட்டு வாசலில் இருந்து பஸ் தரிப்புக்குப் போவதற்குள் நாலு தரம் 'என்ட்ஷுல்டிகுங்' சொன்னேனாம். அதில் ஒன்று குப்பைத்தொட்டிக்கு. சின்னவன் சொல்லுவான், "அப்பா, உங்களை ஆரும் இடிச்சாலும் நீங்கள்தான் மன்னிப்புக் கேக்கிறியள். வெக்கமாக் கிடக்கு." சரி, என்ன செய்ய? ஜேர்மனிக்கு வந்து நான் படித்த முதல் சொல்லே அதுதான். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் கதவைத் திறந்தவுடன் அதைச் சொன்னால்தான் மிச்சம் எல்லாம்.

ஆனால் அந்தச் சொல் ஒரு கலியாணத்தைக் காப்பாற்றியதை நீங்கள் அறியவேண்டும். காப்பாற்றியதோ, கெடுக்கப் பார்த்ததோ, நீங்களே வாசித்துவிட்டுச் சொல்லுங்கோ.

நான் மிருகக்காட்சிச்சாலையில் மிருகங்களுக்குச் சாப்பாடு வெட்டுகிற ஆள். விடிய ஆறு மணிக்குக் கத்தியைப் பிடித்தால் பத்து மணி மட்டும் கரட், பீட்றூட், கோவா என்று எல்லாம் துண்டாகும். வேலை தொடங்கி இத்தனை வருசத்தில் முழுசாக எதையும் நான் ஒருவருக்கும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. இதை மறக்காதேங்கோ, பிறகு தேவைப்படும்.

அங்கே லெமூர்களைப் பார்க்கிறவர் மடகஸ்கர் தீவைச் சேர்ந்தவர். அவருடைய பெயரை நான் எழுதவில்லை. எழுதினாலும் ஒரு வரிக்குள் அடங்காது. அந்தத் தீவில் பெயர்கள் அப்படித்தான், வாசிக்கத் தொடங்கினால் நடுவில் ஒருக்கால் மூச்சு எடுக்கவேண்டும். எங்கட ஆட்களிடம் கேட்டுப் பழகி அவர் என்னை 'அண்ணை' என்று கூப்பிடுவார். நான் அவரைத் 'தம்பி' என்பேன். மற்றதெல்லாம் இரண்டு பேருக்கும் அரைகுறை ஜேர்மன் மொழிதான்.

அவருடைய லெமூர்களை இங்கே 'கட்டா' என்று சொல்லுவார்கள். வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையம். வெயில் வந்தவுடன் நிலத்தில் குந்தி, இரண்டு கையையும் முழங்காலில் விரித்து வைத்து, வயிற்றைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு இருக்கும். பார்த்தால் கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்னம் இருக்கிற பெரியவர்கள் மாதிரி. ஆண் கட்டாக்களுக்குள் சண்டை வந்தால் கடிக்கிறது குறைவு. கையில் இருக்கிற நாற்றத்தை வாலில் தேய்த்து, வாலை மற்றவரின் முகத்துக்கு நேரே ஆட்டும். கூடுதலாக நாறுகிறவர் வென்றார். அந்தக் கூட்டத்தில் பெரிய ஆள் எப்போதும் ஒரு பெண்தான். அவ கை வைக்காத சாப்பாட்டில் வேறு ஒருவரும் கை வைக்க ஏலாது.

ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் தம்பி என்னிடம் வந்து நேராக நின்றார்.

"அண்ணை, நீங்கள் எனக்குப் பெரியப்பாவா வரவேணும்."

"எங்க வாறது?"

"பானுக்கு. பொம்பிளை கேக்க."

விசயம் இதுதான். பான் நகரில் அவருடைய தீவைச் சேர்ந்த ஒரு பிள்ளையை மூன்று வருசமாக விரும்புகிறார். பிள்ளைக்கும் விருப்பம். ஆனால் தகப்பன் பழைய மனிசர். முறைப்படி மாப்பிள்ளை பகுதிப் பெரியவர் ஒருவர் வந்து, சபையில் பேசிக் கேட்டால்தான் தருவாராம். அந்தப் பேச்சுக்குக் 'கபாரி' என்று பெயர். அதில் பிழை விட்டால், உங்கட பகுதிக்கு எங்களில் மரியாதை இல்லை என்று அர்த்தமாம். இன்னொரு தரம் வரச் சொல்லமாட்டாராம். தம்பிக்கு இந்த நாட்டில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை.

"உங்கட அப்பாவுக்கு என்ன வயசு?"

"அறுபத்தெட்டு."

"எனக்கு ஐம்பத்திநாலு. நான் எப்பிடி அவருக்குத் தமையன்?"

"தாடி விடுங்கோ."

"ஏன் தம்பி நான்? இஞ்ச நல்ல ஜேர்மன் பேசுற ஆக்கள் எத்தினை பேர்?"

"அவையள் வந்த விசயத்தை முதல் வசனத்திலேயே சொல்லிப்போடுவினம், அண்ணை. நீங்கள் அரைநாள் லீவு கேக்கவே கால் மணித்தியாலம் சுத்துறனீங்கள். எங்கட ஊரில இதுக்கெண்டு ஆக்கள் வருசக்கணக்காப் படிக்கினம்."

அவர் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. கபாரியில் முதல் பகுதி முழுக்க மன்னிப்புத்தானாம். மூத்தவர்கள் இருக்க நான் பேசுகிறேன், மன்னியுங்கோ. எனக்கு ஒன்றும் தெரியாது, மன்னியுங்கோ. குற்றத்தை எல்லாம் முதலில் கழுவி ஊற்றிவிட்டுத்தான் பேச்சுக்கு வரவேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. முப்பது வருசமாக இந்த நாட்டில் நான் அதற்குத்தான் பயிற்சி எடுத்திருக்கிறேன் போல.

மூன்று கிழமை தேத்தண்ணி நேரத்தில் எனக்குப் பாடம் நடந்தது. அவர்களிடம் 'ஃபாடி' என்று ஒன்று இருக்கிறது, செய்யக்கூடாத காரியம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு வேறு. ஒரு வீட்டில் பன்றி ஆகாது, இன்னொரு வீட்டில் இன்னொன்று. கல்லறையை நேர்விரலால் காட்டக்கூடாது, விரலை மடக்கித்தான் காட்டலாம். பிழைவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் நான் வேலையிடத்தில் எல்லாவற்றையும் மடக்கின விரலால் காட்டத் தொடங்கினேன். மேலாளர் என்னை மூட்டு வைத்தியரிடம் டெர்மீன், அதுதான் நேரம், எடுக்கச் சொன்னார்.

பேச்சையும் எழுதினேன். மடகஸ்கர் என்றால் எனக்குத் தெரிந்தது மிருகங்கள்தானே. பச்சோந்தியைப் புகழ்ந்தேன். பிறகு ஐ-ஐ என்ற ஒரு லெமூரைப் புகழ்ந்தேன். அதன் நடுவிரல் குச்சி மாதிரி நீளம், மரத்தைத் தட்டிப் பார்த்துப் புழு எடுக்கும். தம்பி வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். கன இடங்களில் அதைக் கண்டாலே கூடாத சகுனமாம். அந்த வரியை வெட்டினோம்.

பேச்சோடு கொண்டுபோகவேண்டிய பொருள் ஒன்றும் உண்டு. பெண்ணின் தாய் தகப்பனுக்கு ஆட்டின் பின்பக்கம் கொடுக்கவேண்டும். ஓம், சின்னவன், ஆட்டுக் குண்டிதான். சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தை வாசி. அங்கே அந்தப் பகுதி பெரியவர்களுக்கு மட்டும் உரியது, ஆகப் பெரிய மரியாதை. இந்தக் காலத்தில் கன பேர் அதற்குப் பதிலாக வேறு ஏதும் கொடுத்துச் சமாளிக்கிறார்களாம். இந்தத் தகப்பன் சமாளிக்க விடுகிற ஆள் இல்லை.

ஆட்டை நான் பொறுப்பெடுத்தேன். நாங்கள் கிழமைக்குக் கிழமை கறிக்கு ஆட்டுப் பின்பக்கம் வெட்டி வாங்குகிற எங்கட துருக்கிக் கடை இருக்கிறதே. சனிக்கிழமை போய், "பின்பக்கம், முழுசா" என்றேன். கடைக்காரர் எடுத்து மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, "வழமை போலயோ?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான். அதற்குள் பின்னால் நின்ற ஒரு அம்மாவின் கூடையில் என் கால் பட்டுவிட, திரும்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்டுகிற சத்தம் காதில் விழுந்தது. ஆனால் அது நான் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம், ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் தம்பி கோட்டும் சூட்டும். நான் தாடியும், ஊன்ட்றொப் கோயில் தேருக்குப் போட்ட பட்டுச் சால்வையும். அவர்களும் அப்படி ஒரு சால்வை போடுவார்களாம், பொருத்தமாக இருக்கும் என்றார். இறைச்சிப் பொதி என் மடியில். அவர் அதில் ஒரு கை வைத்தார்.

"அண்ணை, இது ஏன் உள்ளுக்க அசையுது?"

அவிழ்த்துப் பார்த்தோம். கறித் துண்டுகள். எலும்போடு, ஒரே அளவாக, சின்னச் சின்னதாக.

முன்னுக்கு இருந்த ஒரு அம்மா எழும்பி வேறு பெட்டிக்குப் போனா. ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடையும் திறக்காது. தம்பி தன் கழுத்துப்பட்டியைக் கழற்றினார். இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் துண்டுகளை ஒரு பின்பக்கம் மாதிரி அடுக்கிப் பார்த்தோம். டிக்கெட் பார்க்க வந்தவர் இறைச்சியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டிக்கெட் கேட்காமலே போனார். கடைசியில் தாளால் இறுக்கிச் சுற்றிக் கழுத்துப்பட்டியால் கட்டினோம். வெளியில் இருந்து பார்க்க மோசமில்லை.

"அண்ணை, நான் அவளை இழக்கப்போறன்," என்றார் தம்பி. "ஒரு ஆட்டால."

வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் தகப்பன், கையைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் தாய். அவர்கள் பகுதிப் பேச்சாளர் தாய்மாமன், பிழை பிடிக்கிறதுதான் அவருடைய வேலை. பிள்ளை குசினி வாசலில் நின்றா. எனக்காக எல்லாம் ஜேர்மன் மொழியில் நடக்கும் என்றார்கள். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுத் தொடங்கினேன்.

நான் எழும்பினதுக்கு மன்னிப்பு. மூத்தவர்களுக்கு முன் வாய் திறந்ததுக்கு மன்னிப்பு. பெரியப்பா என்று வந்ததுக்கும் தாடிக்கும் மன்னிப்பு. சபை தலையாட்டியது. எனக்கு உசார் வந்தது. அதோடு, மன்னிப்பு முடிந்தால் பொதியைக் கொடுக்கவேண்டும். அதனால் முடிக்கவில்லை. ரயில் இருபது நிமிசம் பிந்தியதுக்கு ரயில்காரர் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். மழைக்குக் கேட்டேன். வாசலில் கழற்றிய சப்பாத்தின் மணத்துக்குக் கேட்டேன். நானும் ஒரு தீவில் பிறந்தவன், உங்கட தீவுக்கும் எங்கட தீவுக்கும் நடுவில் இவ்வளவு தண்ணி கிடக்கிறதுக்கும் மன்னிக்கவேணும் என்றேன். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார்.

அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். தாய்மாமன் கையை உயர்த்தினார்.

"வடிவான தொடக்கம். ஆனா இவ்வளவு மன்னிப்புக்குப் பின்னால பெரிய குற்றம் ஒண்டு இருக்கவேணுமே?"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. நான் பொதியைத் தட்டில் வைத்துக் கழுத்துப்பட்டியை அவிழ்த்தேன். பின்பக்கம் மெல்லச் சரிந்து தட்டு முழுக்கப் பரவியது.

"இது என்ன?" என்றார் தாய்மாமன்.

"ஆட்டின்ர பின்பக்கம்."

"எந்தப் பக்கத்தால பாத்தா?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. தகப்பன் கட்டின கையை எடுக்காமல், "முழுசாத் தாறதுதான் மரியாதை," என்றார். குசினி வாசலில் பிள்ளை கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தா. தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாய் என்னைப் பார்த்து, "எப்பிடி இது நடந்தது?" என்று கேட்டா. பொய் சொல்ல எனக்கு அந்த மொழி போதாது. வழமை போலயோ என்று கடைக்காரர் கேட்டார், வாய் தன்பாட்டில் ஓம் சொல்லிவிட்டது என்றேன்.

"வழமை எண்டா? ஒவ்வொரு கிழமையும் உங்களுக்கு ஆட்டின்ர பின்பக்கம் கிடைக்கிறதோ?"

"ஓம். மன்னிக்கவேணும்."

"அவ்வளவு மரியாதையான ஆளோ நீங்கள்?" அவ தகப்பன் பக்கம் திரும்பி அவர்களின் மொழியில் ஏதோ சொன்னா. பிறகு என்னிடம், "வால் எங்க?" என்றா.

நான் முழங்காலில் இருந்து தேடினேன். தாய்மாமனும் இருந்து தேடினார். அடியில் கிடந்தது. சின்னது, ஆனால் முழுசு. கத்தி படவேயில்லை. தாய் அதை எடுத்து வெறும் தட்டில் தனியாக வைத்துத் தகப்பனுக்கு முன்னால் தள்ளினா.

"இதுதான் பின்பக்கம். மிச்சம் எல்லாம் அதோட கூட வந்த ஆக்கள்."

தாய்மாமன் வாய் திறந்தார். அவ ஒருக்கால் பார்த்தா. மூடினார். எனக்குக் கட்டாக்கூட்டம் ஞாபகம் வந்தது, நான் அதை மரியாதையாகத்தான் நினைத்தேன். தகப்பன் வாலைக் கன நேரம் பார்த்தார். பிறகு கையைத் தட்டில் வைத்தார். குசினி வாசலில் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டா. தம்பிக்கு அப்போதும் விளங்கவில்லை, "என்ன, என்ன?" என்று என் சால்வையை இழுத்தார்.

"சரி எண்டிட்டார், தம்பி."

பிழைவிட்ட பேச்சாளருக்குத் தண்டம் உண்டாம். வெட்டிக் கொண்டுவந்தவர் சமைக்கட்டும் என்றா தாய். இஞ்சி, தக்காளி, உப்பு, அவ்வளவுதான். மிளகாய்த்தூள் இல்லை. அதற்கு நான் ஆட்டிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். சோறு மலை மாதிரி. அவர்களும் மூன்று நேரமும் சோறு தின்கிற ஆட்கள்தான். பிறகு பானையின் அடியில் பிடித்த சோற்றைக் கருக்கி, தண்ணி விட்டுக் கொதிக்கவைத்து, குவளையில் ஊற்றித் தந்தார்கள். 'ரானுவூலா' என்றார்கள். புகை மணம், மெல்லிய கசப்பு. உங்கட அம்மா அடிப்பிடித்த பானையை ஊறப்போட்டுவிட்டு என்னை ஏசுகிறது ஞாபகம் வந்தது. நாங்கள் இவ்வளவு நாளும் வீணாக்கியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து சால்வையை மடிக்கும்போதுதான் பார்த்தேன், எழுதின பேச்சு அப்படியே சட்டைப்பைக்குள் கிடந்தது. மன்னிப்பைத் தாண்டி நான் போகவேயில்லை.

திங்கட்கிழமை தம்பி லீவு. கட்டாக்களுக்கு நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். வெயில் வந்திருந்தது. எல்லாம் குந்தி, கையை விரித்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு இருந்தன. நடுவில் அந்தப் பெரியவ. சுற்றவர மனிசர் ஒருவரும் இல்லை. தொப்பியைக் கழற்றினேன். ஒரு முழுக் கரட்டை, வெட்டாமல், அவவுக்கு முன்னால் வைத்தேன். பிறகு பேச்சை எடுத்து, மன்னிப்பை விட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்தில் இருந்து வாசித்தேன்.