தாராவியில் நான்காவது புஷ்

காலை 9.10. செம்பூர் திலக் நகரிலிருந்து ஜீப்பில் கிளம்பினோம். தாராவி நைண்ட்டி ஃபீட் ரோடு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். நான் கோவையிலிருந்து மும்பைக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஊர் சுற்றுபவர்கள் பார்ப்பதையெல்லாம் பார்த்து முடித்திருந்தேன். அன்று பார்க்கப் போனது ஒரு பழைய ஜீப்பின் அடிப்பாகத்தை.

ஜீப் என் மனைவியின் அண்ணன் கணேசனுடையது. அறுபத்திரண்டு வயது, அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மழைக்காலம் வந்தால் மலைப்பாதைகளில் ஜீப்பை விட்டுக்கொண்டு திரிவார். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று தகுதிச் சோதனையில் வண்டியை ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுசோதனை அடுத்த நாள். அதிலும் தேறாவிட்டால் உடைக்கக் கொடுத்துவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார். சயான் சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது வண்டி தானாக இடப்பக்கம் ஒதுங்கியது.

"பாத்தியா மாப்ள? நான் திருப்பவே இல்ல. அதுவா போகுது" என்றார்.

10 மணி. மெக்கானிக் இசக்கிமுத்துவின் பட்டறை பாதி ஜீப்பைத்தான் கொள்ளும். மீதி தெருவில் நின்றது. மல்லாந்து வண்டிக்கு அடியில் போனவர், நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்து ஒரு சாக்கைத் தள்ளிவிட்டார். "வாங்க சார், படுத்துக்கிட்டே பாருங்க."

பார்த்தேன். முன்சக்கரங்களின் அருகே பக்கத்துக்கொன்றாக இரண்டு ஸ்பிரிங் பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருண்டிருந்தன. அந்த வளையத்துக்குள் ஓர் இரும்புக் குழாய், அதற்குள் ரப்பர், நடுவில் போல்ட். இந்தக் குழாயும் ரப்பரும் சேர்ந்ததுதான் புஷ். ரப்பர் பொடிந்து, இரும்பு துருவேறி, எல்லாம் ஒரே கட்டியாக இறுகியிருந்தது.

"கேஸ் வச்சுச் சூடாக்கினா வந்துடாதா?" என்று கேட்டேன்.

"வரும் சார். ஆனா பட்டையில சூடு ஏறுச்சுன்னா வளைஞ்சு நிமிருத பலம் போயிரும். நாளைக்கு ரோட்டுல முறிஞ்சா யாரு பதில் சொல்லுதது?"

போல்ட்டுகளை கிரைண்டரால் அறுத்து, பட்டைகளைக் கழற்றி வெளியே கொண்டுவரவே 12.30 ஆகிவிட்டது. பிறகு நடுவில் இருந்ததைக் குடைந்தெடுத்து, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடைக் குழாய்க்குள் நுழைத்து நீளவாட்டில் ஒரு கீறல். அப்புறம் பிரஸ்ஸில் வைத்து அழுத்தம். முதல் புஷ் இருபது நிமிடத்தில் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது மணி 2.15. பன்னிரண்டு ரூபாய் டீயை நின்றபடியே குடித்தோம்.

நான்காவது அசையவில்லை. பிரஸ் முனகியது. அழுத்தக் கொடுத்திருந்த இரும்புத் துண்டு வளைந்து தெறித்தது. கணேசன் மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "விடு தம்பி. அரே, எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவே? உடைக்கவே போட்டுருவோம்."

இசக்கிமுத்து வளையத்தின் விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பெயின்டுக்கு அடியில் பயறு அளவுக்கு இரண்டு புடைப்புகள்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. இது துரு இல்ல. எவனோ வெல்டு வச்சிருக்கான். எந்த மடையன் பாத்த வேல இது?"

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"நான்தான் தம்பி" என்றார். பல வருஷங்களுக்கு முன் மால்ஷேஜ் மலைப்பாதையில் புஷ் வெளியே நழுவிவிட்டதாம். திரும்பி வந்ததும் தன் கையாலேயே வெல்டு வைத்திருக்கிறார். "சுத்தமா மறந்தே போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இசக்கிமுத்து அந்தப் புடைப்பை விரலால் தடவினார். "வெல்டிங்கு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வச்ச எடம்தான் தப்பு."

அதைச் சீவி எடுக்க வேண்டும். கிரைண்டர் கல் ஒரு நூல் ஆழமாக இறங்கினாலும் வளையம் போய்விடும். வேறு பட்டை தேட அன்று நேரமில்லை. "கொடு, நானே எடுக்கேன்" என்று மச்சான் எழுந்தார். ஊரை விட்டு வந்து நாற்பது வருஷமான அவர் வாயில் அப்போதுதான் நெல்லைப் பேச்சைக் கேட்டேன். இசக்கிமுத்து ஒரு கணம் யோசித்துவிட்டு கிரைண்டரைக் கொடுத்தார். தானே டார்ச் பிடித்தார்.  மச்சான் தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, புடைப்பு இருந்த இடம் பளபளப்பானதும் நிறுத்தினார். பிரஸ்ஸில் வைத்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம். புஷ் வாளியில் விழுந்தது. மூன்று பேரும் குனிந்து வாளிக்குள் பார்த்தோம்.

மாலை 6.20. புது புஷ்களோடு திரும்பும்போது சயானில் பிரேக் அடித்துக் காட்டினார். வண்டி நேராக நின்றது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் இந்தியில் திட்டியதுகூட அவர் காதில் விழவில்லை.

மறுநாள் பகல், என் ரயில் கல்யாணைத் தாண்டியபோது போன் வந்தது. "பாஸ் ஆயிட்டு மாப்ள!"

கோவையில் என் காரை சர்வீஸுக்கு விட்டால் ஏசி அறையில் உட்கார்ந்து காபி குடிப்பேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவேன். பதினொரு வருஷமாக அப்படித்தான். ஊர் வந்து சேர்ந்த காலையில், பழைய லுங்கியை விரித்து அந்தக் காருக்கு அடியில் படுத்தேன்.

"என்ன விழுந்துடுச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் விழல. என்னவெல்லாம் இருக்குன்னு பாக்கறேன்."