ஒன்பதாம் கட்டளை வரும்போது

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் ஆராதனை. அதற்கு முன் குருவானவர் பத்துக் கட்டளைகளையும் வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து இரக்கம் கேட்போம். எட்டு வரைக்கும் என் குரல் நன்றாகவே வரும். ஒன்பதாவது, பொய்ச்சாட்சி. அங்கே வாயை அசைப்பதோடு சரி.

அம்மா பதினோரு வருஷம் திருவிருந்து எடுக்கவில்லை. மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொடக்கூடாது என்பாள். மனஸ்தாபம் அவள் தங்கையோடு. காரணம் என் கல்யாணம். வண்ணார்பேட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் ஒரு மணி நேர பஸ்தான். அம்மா நேரில் போய் அழைக்காமல் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டாள். கூடப்பிறந்தவளுக்குத் தபாலா என்று சித்தி கல்யாணத்துக்கு வரவில்லை. வராதவள் வாசலை நான் ஏன் மிதிக்கணும் என்று அம்மா. இரண்டு பேருக்கும் வீம்பில் குறைச்சல் இல்லை. எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அம்மா மட்டும் பெஞ்சில் இருப்பாள். அவளைத் தாண்டிப் போக எனக்கு வெட்கமாக இருக்கும்.

அம்மா படுக்கையில் விழுந்து, டாக்டரும் கைவிரித்த பிறகு, குருவானவர் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவந்தார். தங்கச்சியோடு ஒப்புரவாகாமல் வாங்க மாட்டேன் என்று அம்மா வாயை இறுக்கிக்கொண்டாள். நான் வெளியே போய் சித்திக்கு இரண்டு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. குருவானவர் காத்திருந்தார். எனக்குப் பதற்றம். உள்ளே வந்து, "சித்தி மன்னிச்சிட்டாங்களாம்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடலையாம்" என்றேன். வேதப்புத்தகம் மேஜைமேல்தான் இருந்தது.

அம்மா வாங்கினாள். அழுதாள். குருவானவர் போன பிறகு கையை நீட்டினாள்.

"போனக் குடுட்டி. நான் ஒரு வார்த்த பேசுதேன்."

சித்தி நாளைக்கு நேரிலேயே வருகிறாளாம் என்று அடுத்த பொய்யையும் சொன்னேன்.

அதன்பின் கேட் சத்தம் கேட்டாலே அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்குவாள். பால்காரர் வந்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரி வந்திருப்பாள். நான் மறுபடியும் போன் போட்டிருக்கலாம். சித்தி எடுத்து, வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்திலேயே இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் கேட் சத்தத்துக்கு அம்மா தலையைத் தூக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் நம்பரப் பாத்தேன். அக்காவே கூப்பிடட்டும்னுதான் எடுக்கல. அவ ஒரு வார்த்த பேசியிருந்தா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேன். என்னப் பத்தி ஏதும் சொன்னாளா?"

இல்லை என்றேன்.

இப்போது திருவிருந்துக்கு எல்லாரும் போகும்போது நான் பெஞ்சைவிட்டு எழுந்திருப்பதில்லை. வீட்டில் கேட் சத்தம் கேட்டால், அம்மா படுத்திருந்த அந்தக் காலிக் கட்டிலைத்தான் முதலில் பார்க்கிறேன். சித்திக்கு வயதாகிவிட்டது, காதும் மந்தம் என்கிறார்கள். அம்பாசமுத்திரம் இன்னும் ஒரு மணி நேர பஸ்தான்.