தணிகாசலம் அண்ணனும் இன்னொரு வண்டியும்

தணிகாசலம் அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை, அரக்கோணத்தில், அவருடைய கிரில் பட்டறை வாசலில். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் குரூப்பில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்காது. பதிவு போடமாட்டார், லைக் போடமாட்டார். சொந்தமாகக் கார்கூடக் கிடையாது.

நான் சேர்ந்தே மூன்று மாதம்தான். டாக்டர், இன்ஜினியர் எல்லாம் இருக்கிற இடத்தில், பத்தாவதைத் தத்தித் தாண்டிய ஸ்கூல் வேன் டிரைவர் நான் ஒருத்தன். யாரோ கார்புரேட்டரில் என்ன கோளாறு என்று இங்கிலீஷில் கேட்டதற்கு "வாழ்த்துகள் சார்" என்று போட்டவன்...

என் வண்டி வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில் குடோனில், சாக்கு மூட்டைக்கு அடியில் கிடந்தது. கூரையை மடக்கிவிடலாம், ரெண்டே சீட். டெம்போவில் ஏற்றி சின்ன காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்த அன்று என் மனைவி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டி. மிச்ச ரெண்டு பேர டிக்கியில போட்டுக்கினு போவீங்களா?"

பெண்ணுக்கு மட்டும் சந்தோஷம். முதல் ரவுண்டு அவளைத்தான் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

குரூப்பில் அறிமுகப் பதிவு போட்டபோது அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போட்டேன். சீட்டுக்குக் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு இணைப்புக் கோடு. நான் தறி வீட்டில் பிறந்தவன். எங்கள் ஊரில் சேலையின் உடலுக்கும் பார்டருக்கும் தனித்தனி நாடா ஓட்டி நெய்து, கோர்வை என்கிற இணைப்பில் பிணைத்தால்தான் அசல் பட்டு. கோடு தெரிந்தால் பெருமை.

அதனால் "கோர்வை பாருங்க, கம்பெனி ஒரிஜினல்" என்று எழுதினேன். வரிசையாகத் தீ எமோஜி வந்து விழுந்தது.

ஒரே ஒருத்தர் போன் செய்தார், தணிகாசலம் அண்ணன். எடுத்ததுமே, "வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டியா பா?" என்றார்.

"இன்னும் இல்லணா."

"பண்ணாத. நாளைக்கு வரேன்."

வந்தார். டீ வேண்டாம் என்றார். சீட்டைக் கழற்றி, ஒரு ரூபாய் காசால் பெயின்டைச் சுரண்டி, அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். சாய்வு சாய்வாகத் தையல் போட்ட மாதிரி வெல்டிங். ரெண்டு முனையிலும் ஒரு உருண்டைப் பொட்டு.

"இது என் கை பா."

கல்யாணமான புதிதில் சென்னையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்திருக்கிறார். ஒரே மாதிரி ரெண்டு வண்டி அடிபட்டு வந்திருக்கிறது. ஒன்றுக்கு முன்பக்கம் போச்சு, இன்னொன்றுக்குப் பின்பக்கம். முதலாளி சொல்ல, ரெண்டையும் நடுவில் அறுத்து, நல்ல பாதிகளை ஒட்டி ஒரு வண்டி ஆக்கினாராம். அதுதான் என் அசல் பட்டு.

ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"மெதுவா போனா ஒண்ணும் ஆவாது. எம்பதுல போயிக்கினு இருக்கும்போது பிரேக் அடிச்சின்னா முன்பாதி நிக்கும். பின்பாதி நிக்காது."

அந்த சீட்டில் உட்கார்ந்துதான் என் பெண் அத்தனை செல்ஃபி எடுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். பழைய இணைப்பை அறுத்து, அடியில் புதுச் சட்டம் கொடுத்து... நான் டார்ச் பிடிப்பேன், எப்போதும் தப்பான இடத்தில். உன்னை நம்பியா பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புகிறார்கள் என்பார்.

ஒருநாள் சும்மா கேட்டேன், கார் இல்லாமல் எதற்குக் குரூப்பில் இருக்கிறீர்கள் என்று. வெல்டிங்கை நிறுத்திவிட்டார்.

"உனக்கு வந்தது நல்ல வண்டி பா. நசுங்கின பாதி ரெண்டு மீந்துச்சே... அத இன்னா பண்ணோம்னு நீ கேக்கவே இல்லியே."

அதையும் அடித்து நிமிர்த்தி, ஒட்டி, பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். குரூப்பில் யார் என்ன போட்டோ போட்டாலும் இவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது அந்த வண்டியைத் தேடித்தான். யாரிடமும் சொல்லாதே, கிடைத்ததும் நானே போய்க் காலில் விழுகிறேன் என்றார். நானும் சரி என்றேன்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். நான் வேனில் இருந்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒன்பதரைக்குத்தான் கேட்டேன்.

"கெடச்சிடுச்சி பா. பச்சை பெயின்ட் அடிச்சிருக்கான். ஞாயித்துக்கிழம நம்ம குரூப்பு திருமுக்கூடல் ரைடுக்கு வரானாம், பொண்ண ஒக்கார வெச்சிக்கினு. ஆளு யாருன்னு சொல்றேன், கூப்புடு."

கூப்பிட்டேன். அவர் மகள் எடுத்தாள். "அப்பா இல்ல அங்கிள்" என்றாள்.

நான், "எப்பம்மா வருவாரு?" என்று கேட்டேன்.

அவர் போன் பூட்டியிருக்கிறது. திறக்கிற நம்பர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அட்மின் சார் ரைடை நிறுத்திவிட்டார். ஆனால் அந்தப் பச்சை வண்டிக்காரர் நம் குரூப்பில் இருக்கிறாரா என்றே தெரியாது. ரைடு இல்லாவிட்டாலும் வண்டி ஓடும்தானே...

அவர் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் போடுகிறேன். போடுங்க அங்கிள் என்றாள்.

என் வண்டியில் இருந்த பழைய வெல்டிங் போட்டோ கீழே இருக்கிறது. பச்சை நிறம், மடக்குக் கூரை, ரெண்டு சீட்... உங்களுடையதோ, தெரிந்தவருடையதோ, சீட்டைத் தூக்கிப் பாருங்கள். சாய்வுத் தையல், முனையில் பொட்டு. இருந்தால் தெருமுனை வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். உடனே எனக்குச் சொல்லுங்கள். தயவுசெய்து ஷேர் செய்யுங்கள்.

இன்று மதியம் எடுக்கிறார்கள். பஸ்ஸில் போய்க்கொண்டேதான் எழுதுகிறேன்.

அண்ணா, யாரிடமும் சொல்லாதே என்றீர்கள். ஊருக்கே சொல்லிவிட்டேன். நிம்மதியாகப் போங்கள் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை...

போய் வாருங்கள்ணா.