முட்டை வண்டி செங்கோட்டுவேல்

பேனட்டைத் திறந்து, தண்ணீர்ச் செம்போடு குனிந்து பார்க்கிறார் செங்கோட்டுவேல். ஊற்றுவதற்கு உள்ளே ரேடியேட்டர் இல்லை. கரண்டில் ஓடுகிற வண்டி. அது அவருக்கும் தெரியும். செம்புத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டுப் பேனட்டை மூடுகிறார். பிறகு சாவியைத் திருகி ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இன்ஜின் சூடாகட்டுமாம். இன்ஜினே இல்லையே என்று யாராவது சொன்னால், "நாஞ்சூடாகணுமல்லோ சாமி" என்பார்.

வயது எழுபத்திரண்டு. படித்தது மூன்றாவது. கிளீனராகப் போய், டிரைவராகி, சொந்தமாக மூன்று லாரி வாங்கியவர். ஸ்ரீநகர் பனியிலும் கவுகாத்தி மழையிலும் வண்டி ஓட்டி, ஒரு கீறல் விழாமல் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவரைத் தவிர வேறு யார்? கேட்டால் அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்போது ஓட்டுவது வெள்ளை வெளேரென்று, உருண்டையாக, இரண்டு பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கிற குட்டிக் கார். எவ்வளவு மிதித்தாலும் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். அதற்குமேல் கெஞ்சினாலும் போகாது. கோழிப்பண்ணை நிறைந்த நாமக்கல் பக்கத்தில் அந்த உருவத்துக்குப் பெயர் தேடி யாரும் அலையவில்லை. முதல் நாளே 'முட்டை வண்டி' என்று விழுந்துவிட்டது.

"ஏனுங்ணா, இன்னும் எத்தன நாளைக்கு அடகாக்கோணும்?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள்.

"சிரிங்க சாமி. டீசல் போட்டுப்போட்டு நீங்க சிரிங்க. வயரச் சொருகிப்போட்டு நாந்தூங்கறேன்."

வண்டி வாங்கியது அவருக்காக அல்ல. மனைவி சௌந்திரத்துக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் திருச்செங்கோட்டில் சிகிச்சை. பஸ் படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சௌந்திரம் பஸ்ஸில்தான் போகிறாள். வண்டி வந்து ஏழு வாரம் ஆகிறது. அதில் அவள் ஒரு தடவைகூட உட்காரவில்லை. ஊர் சிரிப்பதை உதறிவிடுகிற செங்கோட்டுவேலுக்கு இதை மட்டும் உதற முடியவில்லை.

முதல் நாள் கூப்பிட்டதே கோணலாகப் போயிற்று. "லோடு ஏறுனாத்தான வண்டிய எடுக்க முடியும்? வா புள்ள" என்றார்.

"நான் உங்களுக்கு லோடுங்களா? முப்பத்தெட்டு வருசம் லாரி ஓட்டுனீங்க. ஒரே ஒரு நாள் ஏறுன்னு சொன்னீங்களா? சங்ககிரி மலையக்கூட நான் பஸ்ஸு சன்னல்லதான் பாத்தேன்."

"லாரியில பொண்டாட்டிய ஏத்துனா ஊரு சிரிக்காதா?"

"இப்ப மட்டும் அழுவுதுங்களா?"

ஆனால் விடுகிற ஆளா? வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை அரைக் கிலோமீட்டர் இட்டேரி. இருபுறமும் முள்வேலி, நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்குத் தார் போட்ட தடம். ஓரமாக அவள் குடை பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடக்க, பக்கத்திலேயே அதே நடையில் வண்டியை உருட்டிக்கொண்டு போவார். டீசல் வண்டியாக இருந்தால் இந்த நடைக்குத் திணறி நின்றிருக்கும் என்று பெருமை வேறு.

"சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கறேன்."

அவள் குடையை வண்டிப் பக்கம் சாய்த்தாள்.

"பேனு நெம்ப நல்லா ஓடுது."

குடை இன்னும் தாழ்ந்தது.

"பாட்டு வெக்கட்டுமா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அந்த ஏழாவது வார வெள்ளிக்கிழமை, பாதி இட்டேரியில், எதிரே ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் பிரபாகர், ஒரு காலத்தில் செங்கோட்டுவேலிடம் தொழில் பழகியவர். அவருக்குப் பின்னால் குழாய் ஏற்றிய இன்னொரு லாரி.

"அண்ணா, கொஞ்சம் பின்னாடி எடுங்க."

"காஷ்மீர்ல மிலிட்டரி வண்டிக்கே நான் பின்னாடி எடுத்ததில்ல. நீ எடு சாமி."

"எங்களுது ரெண்டு முழு வண்டிங்ணா. உங்களுது அரை வண்டி. சித்த எறங்கி நில்லுங்க. நாங்க நாலு பேரு தூக்கி வேலிக்கு அக்கட்டால வெச்சுப்போட்டு, போறப்ப மறுபடி எடுத்து வெச்சறோம்."

ரிக்கின் மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் ரிவர்ஸ் போட்டார். அவர் பின்னால் எடுக்காததற்குக் கௌரவம் பாதிக் காரணம்தான். வருஷக்கணக்காக ஸ்டியரிங் பிடித்ததில் கழுத்து இறுகிப்போய், தலை பின்பக்கம் திரும்பாது. லாரியில் என்றால் கிளீனர் பார்த்துக் குரல் கொடுப்பான். ஊருக்குத் தெரியாத இந்த விஷயம் சௌந்திரத்துக்குத் தெரியும். தைலம் தேய்த்துவிடுகிறவள் அவள். வண்டி கோணிக்கொண்டு போய் வேலியில் முட்டி நின்றது. முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் வந்தார். மறுபடி வேலி. சிரிப்பு பெரிதாயிற்று. அவர் காது சிவந்துவிட்டது.

சௌந்திரம் குடையை மடக்கினாள்.

"இங்கென்ன கூத்தா நடக்குது, பிரபாகரு?"

"இல்லீங்க்கா" என்றார் பிரபாகர். சிரிப்பு நின்றது.

கதவைத் திறந்து, முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, உட்கார்ந்தாள். வண்டி அவள் பக்கம் சற்றுத் தாழ்ந்தது. அவள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாள்.

"வரலாமுங்க... வரலாம்... சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க... அத்தன வேண்டாம்... வரலாம்."

காஷ்மீரைக் கண்டவர் சொன்னபடி ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி நூல் பிடித்ததுபோல் பின்னால் போய், ஒரு தோட்டத்துக் கேட் ஓரம் ஒதுங்கியது. இரண்டு லாரியும் உரசாமல் கடந்துபோயின. புழுதி அடங்கியது.

இனி இறங்கிவிடுவாள் என்று அவர் காத்திருந்தார். நிறுத்தத்தில் பஸ் வந்து ஹாரன் அடிப்பது கேட்டது. அவள் அசையவில்லை. முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல், நேரே ரோட்டைப் பார்த்தபடி சன்னலுக்கு வெளியே கையை விட்டு, லாரிக் கிளீனர் 'போகலாம்' என்பதற்குத் தட்டுவதுபோலக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள்.