கடைசியாக வைத்த சாமான்

ராணி அக்கா தவறிவிட்டார் என்ற செய்தி எங்கள் கணினி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, லூனாஸ் பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். எதிரே செம்பனை மரங்கள் மழையில் கரைந்துகொண்டிருந்தன. இரண்டு முறை படித்தேன். பேருந்து வந்து போனதைக் கவனிக்கவில்லை.

லூனாசில் சாமான் வாங்கிய உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பேரங்காடியின் மூன்றாவது கவுண்டர் அவருடையது. "தூக்கத்துலயும் பீப் சத்தம் கேக்குது தம்பி. யாரு சாமானுன்னு தெரியல, நான் பாட்டுக்கு ஸ்கேன் பண்ணிக்கிட்டே இருக்கேன்" என்பார். சொல்லும்போதே கண்கள் எங்கோ போய்விடும்.

சனிக்கிழமை மதியம், ஊர்ப் பொது மண்டபத்து மாடியில் வகுப்பு. மின்விசிறிச் சத்தத்தில் பாதிப் பேர் தூங்கி வழிவோம். பயிற்சிகளுக்கு அவரும் நானும் ஜோடி. தொழிற்சாலை மூடி வேலை இழந்தவன் நான். சான்றிதழ் இருந்தால்தான் பக்கத்து ஊரான கூலிமில் ஒரு கிடங்கு வேலை கிடைக்கும். அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் தட்டிய மெஷின் உள்ளே என்ன நினைக்கிறது என்று பார்க்க வந்தாராம்.

கடைசிப் பயிற்சி, பேரங்காடிக் கவுண்டருக்கு விலை கூட்டும் நிரல் எழுதுவது. சாமானுக்கு ஒரு விலை, மூன்று வாங்கினால் சலுகை, முடிவில் மொத்தம். சாமான்கள் எந்த வரிசையில் வந்தாலும் ஒன்றுதான் என்றது வினாத்தாள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"தேவையானத மொதல்ல வைப்பாங்க தம்பி. ஆசப்பட்டத கடைசில வைப்பாங்க. காசு பத்தலன்னா அதத்தான் திருப்பிக் குடுப்பாங்க. வரிசை முக்கியம்லா."

அவர் கடையில் ஒரு சாமானை நீக்க மணி அடிக்க வேண்டும்; சூப்பர்வைசர் சாவியோடு வருவார்; வரிசையே திரும்பிப் பார்க்கும். அக்கா எழுதிய நிரலில் ஒரு பொத்தானை அழுத்தினால் கடைசிச் சாமான் சத்தமில்லாமல் நீங்கிவிடும்.

வகுப்பில் நிரல்களைச் சரிபார்க்கும் மென்பொருள் அதை ஏற்கவில்லை. கேட்காததைச் செய்திருக்கிறோம் என்று சிவப்பாகக் காட்டியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்களுக்கு வேலை இருக்கிறது, எனக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார்.

"சரி, எடுத்துரு. ஒரு காப்பி மட்டும் இருக்கட்டும்."

ஒரு பிரதியைச் சேமித்துவிட்டு, அவர் எழுதியதைப் படித்துக்கூடப் பார்க்காமல் நீக்கினேன். தேறினேன். அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். மன்னிப்புக் கேட்க அவர் கவுண்டருக்குப் பல தடவை போனேன். எனக்குப் பின்னால் எப்போதும் ஆட்கள் நின்றார்கள். கேட்காமல் திரும்ப ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது.

அடக்கம் முடிந்து வந்து, வகுப்பில் நாங்கள் இருவரும் பயன்படுத்திய பொதுக் கோப்பைத் திறந்தேன். அவருடைய பிரதி அப்படியே இருந்தது. நிரலைச் சோதிக்க அவர் போட்டிருந்த சாமான் பட்டியல்: அரிசி, சமையல் எண்ணெய், முட்டை, சார்டின் மீன் டின், வண்ணப் பென்சில்.

தொழிற்சாலை மூடிய மாதம், மூன்றாவது கவுண்டரில் நான் வைத்த வரிசை அது. பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். மணி அடித்தது. என் மகள் என் கையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். கவுண்டரில் இருந்தவர் முகத்தை நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்திருக்கிறார். பிறகு அத்தனை சனிக்கிழமைகள் பக்கத்தில் உட்கார்ந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா, உங்கள் பிரதியை நான் வைத்துக்கொள்கிறேன். நேற்று அதை ஓட்டிப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன். வண்ணப் பென்சில் போய்விட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.