பரஸ்தானம் போன சைக்கிள்கள்

பரஸ்தானம் என்ற ஏற்பாட்டை முதலில் யோசித்தவர் யாராக இருந்தாலும், அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. புறப்படும் நாளன்று போகும் திசையில் சூலம் என்றால், அதற்கு முன் நல்ல நாளாகப் பார்த்துப் பயணச் சாமான் எதையாவது வழியிலுள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கிழமை கிளம்பினாலும் தோஷமில்லை. கரமனையில் எங்கள் தெருவிலிருந்து பையும் குடையும் பரஸ்தானம் போவதுண்டு. துண்டில் முடிந்த வெற்றிலை பாக்குகூடப் போயிருக்கிறது. சைக்கிள் போனது எங்கள் வீட்டிலிருந்து மட்டும்தான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடு தங்கி ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கியர் சைக்கிளில் மலையின்கீழ் என்ற ஊர்ப் பக்கம் கிளம்பிவிடுவோம். நகரத்தின் வீடுகள் குறைந்து, ரப்பர் தோட்டங்கள் தொடங்கி, சாலை ஏறவும் இறங்கவும் ஆரம்பிக்கும். ஏற்றத்தில் பேசக் கூடாது என்பது மாமாவின் சட்டம். பேசினால் மூச்சு வீணாகும் என்பது ஒரு காரணம். சாலை சொல்வது காதில் விழாமல் போய்விடும் என்பது அவருடைய இன்னொரு காரணம். கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் வாடை, தூரத்தில் ஏதோ ஒரு வீட்டு வாசல் பெருக்கும் சத்தம், எங்கள் சைக்கிள் சங்கிலிகளின் ஓசை, இவ்வளவுதான் இருக்கும். வீட்டில் வாய் ஓயாத நான் அந்தச் சாலையில் மட்டும் வாயை மூடிக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

இதெல்லாம் பொன்முடி மலைக்கான பயிற்சி. அடிவாரத்துக் கல்லாற்றில் தொடங்கி மலை உச்சிவரை கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிளை விட்டு ஓரிடத்திலும் இறங்காமல் ஏறிவிட வேண்டும் என்பது திட்டம்.

"கல்லாறுலேந்து எறங்காம மிதிச்சு மேல போயிட்டியானா, அப்பறம் ஒனக்கு எந்த மலையும் ஒரு மலையில்லையாக்கும்," என்றார் மாமா. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அந்த வருடம் முழுவதும் தொடை வலிக்க மிதித்தேன். என் வகுப்பில் ஒருத்தி, உங்கள் தெருப் பெண்கள் கோலம் போடத்தான் லாயக்கு என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்திருந்தாள். உச்சியில் சைக்கிளோடு நிற்கும் படத்தைத் திங்கட்கிழமை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதைச் சொன்னபோது வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை, மாமாவுக்கு விடுமுறை, அன்றைக்குப் போவதாக முடிவாயிற்று. அந்த வாரத்தில்தான் அப்பாவுக்குத் திடீரென்று பஞ்சாங்க ஞானம் பிறந்தது. எங்கள் அப்பா ராகுகாலத்தில் வேலைக்குச் சேர்ந்து ராகுகாலத்தில் பதவி உயர்வு வாங்கிய மனிதர். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துக் காது குடைவார். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே காலண்டரின் முன்னால் நின்று, "சனிக்கிழமை கெழக்கே சூலமாக்கும். கொழந்தையைக் கூட்டிண்டு மலைக்குப் போறேள். பரஸ்தானம் வச்சுட்டுப் போனா ஒரு சமாதானம்," என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாமாகூடச் சிரித்தார். "சரி அத்திம்பேர், ஒங்க சமாதானத்துக்கு," என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஆக, வெள்ளிக்கிழமை ஒரு பெட்டி ஆட்டோவில் எங்கள் இரண்டு சைக்கிள்களும் நெடுமங்காட்டிலுள்ள அத்தை வீட்டுக்குப் பரஸ்தானம் போயின. அம்மா இரண்டின் கைப்பிடியிலும் சந்தனம் வைத்து அனுப்பினாள். நான் ஆட்டோ திரும்பும்வரை கையசைத்தேன். எவ்வளவு பெரிய ஏமாளி!

மறுநாள் காலை அப்பா காரை ஓட்ட, நாங்கள் எல்லோரும் நெடுமங்காடு போய் இறங்கினோம். அத்தை வீட்டு வாசல் கதவில் பூட்டு. பக்கத்துச் சாய்ப்புக் கொட்டகையில் எங்கள் சைக்கிள்கள் இருப்பது கம்பியழி வழியாகத் தெரிந்தது. அங்கேயும் பூட்டு.

"அடடா, குருவாயூர் போறதா சொல்லிண்டிருந்தா. இன்னிக்கேவா போயிட்டா?" என்றார் அப்பா, வாசலைப் பார்த்துக்கொண்டே. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். குரல் பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது. அம்மா உடனே, "பகவான் கூப்ட்டா போகாம இருக்க முடியுமோ," என்றாள். போனில் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எடுக்கவில்லை என்றார். பூட்டை உடைக்கலாம் என்றேன். "அய்யே, எந்தா பேச்சு இது," என்று அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அப்போதுதான் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து குக்கர் விசில் அடித்தது.

ஒரு முறை அடித்திருந்தால் என் காதையே சந்தேகப்பட்டிருப்பேன். மறுபடியும் அடித்தது. சாம்பார்ப் பருப்பின் வாசனைகூட வந்தது. வெளியே பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கும் கணவர் பசியோடு வருவாரே என்று அத்தை அடுப்பை மூட்டிவிட்டு ஒளிந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். திருட்டுத்தனத்துக்கு உட்கார்ந்தாலும் எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சமையல் தவறக் கூடாது. அத்தையால் அடுப்பை அணைக்கவும் முடியவில்லையாம். எழுந்து நடந்தால் கொலுசுச் சத்தம் கேட்டுவிடும் என்று கட்டிலில் ஆணியடித்ததுபோல உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"உள்ள அத்தை இருக்கா!" என்று கத்தினேன். அப்பா செருப்பைப் பார்த்தார். அம்மா வானத்தைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் ஒருவராவது என் கட்சி பேசுவார் என்று நம்பினேன்.

மாமா அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் என் தோளில் கைவைத்து, "அது அடுத்தாத்துக் குக்கராக்கும்," என்றார்.

அடுத்த வீடு என்று அங்கே ஒன்று இருந்தால்தானே! ஒரு பக்கம் ரப்பர் தோட்டம், மறுபக்கம் காலி மனை. என் வாழ்நாளில் அதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு பச்சையாகப் பொய் சொன்னதில்லை. மாமாவின் கையைத் தோளிலிருந்து உதறினேன். அழுதேன், தரையில் உட்கார்ந்தேன், கேட்டை உதைத்தேன். அத்தை உள்ளேயே இருந்தாள்.

வந்தது வந்தோம், காரிலேயே பொன்முடி பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பா சொன்னபோது என் ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. காரில் போவதற்கா அந்த வருடம் முழுவதும் மிதித்தேன்? என்னைத் தூக்கித்தான் பின் இருக்கையில் போட்டார்கள்.

விஷயம் எனக்குத் தெரிந்தது சில வருடங்கள் கழித்து, மாமாவின் கல்யாணத்தில். அத்தைதான் பந்தியில் பேச்சோடு பேச்சாகப் போட்டு உடைத்தாள். மாமாவுக்கு இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது. மலை ஏற்றம் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை மாமா யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் கிழக்கேகோட்டையில் அப்பாவைப் பார்த்தபோது வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். அப்பா மாமாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் வீட்டில் பேச்சாகும், வீட்டில் பேச்சானால் தெருவில் பேச்சாகும். மாமாவின் ஜாதகம் அப்போது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. இதயக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? எல்லோரும் ஒரே ரகசியத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு, சைக்கிளைப் பூட்டினார்கள்.

சிகிச்சை நடந்தது, கல்யாணமும் நடந்தது, மாமா நன்றாக இருக்கிறார். மலைப் பக்கம் மட்டும் சைக்கிளை எடுத்ததில்லை. எல்லாம் சரிதான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மாமாவுக்கு முடியவில்லை, அதனால் போகவில்லை என்றால் நான் என்ன, அவரைத் தள்ளிக்கொண்டா போயிருப்பேன்? நான் தெருவில் சொல்லிவிடுவேனாம். நான் யாரிடம் சொல்லியிருப்பேன்? மிஞ்சிப் போனால் ஒருத்தியிடம்! ஒரு வகுப்பின் முன்னால் ஒரு வருடம் முழுக்கப் பொய்க்காரியாக நின்றேனே, அதற்கு யார் பதில் சொல்வது? கல்யாணப் பந்தியிலும் எனக்குக் கோபம்தான் வந்தது. பாயசத்தைத் தொடாமல் எழுந்தேன்.

காரில் நடந்ததை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்லாற்றுப் பாலம் தாண்டி முதல் வளைவு வந்தது. மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏற்றம் தொடங்கியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். வளைவு வரும்போதெல்லாம் மாமாவின் உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தது. அவருடைய வலது கைக் கட்டைவிரல் முழங்கால் மேல் ஒரு தரம் அழுந்தி எழுந்தது, கியர் மாற்றுவதுபோல. அடுத்த வளைவிலும் அதே. என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.